ஈசூனில் ஒரு கலைந்த மேசை

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். அக்கா மகள் கவிதா காத்திருந்தாள். ஈசூனில் அக்கா வீட்டுக்கு டாக்சியில் இருபத்தைந்து கிலோமீட்டர், முப்பத்திரண்டு வெள்ளி; டாலரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அவள் மெல்பர்னில் வேலைக்குச் சேர்கிறாள். அதற்குள் ஒருமுறை எல்லோரையும் பார்த்துவிடலாம் என்றுதான் இந்த நான்கு நாள் பயணம்.

வழியெல்லாம் அவள் வாயில் ஒரே ஆங்கிலச் சொல்தான். தலைமுடி மெஸ், விரைவுச்சாலை மெஸ், புது மேனேஜர் வந்ததிலிருந்து ஆபீஸே மெஸ், தோழியின் விவாகரத்து ரொம்ப மெஸ்ஸி. முப்பது வருடம் திருச்சியில் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். சும்மா இருக்க முடியுமா? முடிக்குப் பரட்டை, சாலைக்கு நெரிசல், ஆபீஸுக்குக் குளறுபடி, விவாகரத்துக்குச் சிக்கல் என்று மனதுக்குள் தமிழ் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தப் பெண் எத்தனை குடித்தனம் நடத்துகிறாள்!

"எங்க ஊர்ல மெஸ்னா சாப்பாட்டுக் கடைடி" என்றேன்.

"அது இங்கயும் லிட்டில் இந்தியால, தேக்கா பக்கம் இருக்கு சித்தி. ஆனா அப்பாவோட டேபிள் இருக்கே, அதான் ரியல் மெஸ் லா. வந்து பாருங்க." பேச்சின் வாலில் அந்த ஊர் 'லா' வேறு.

வீடு ஒன்பதாவது மாடியில். சாப்பாட்டு மேசையில் பாதி அத்தானுடையது. செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ரேடியோ, மாத்திரை டப்பா, சாவி, ரயில் அட்டை, நகவெட்டி, தண்ணீர் பாட்டில், டார்ச் எல்லாம் தாறுமாறாகக் கிடந்தன. "நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். கேட்டாத்தானே" என்றாள் வசந்தா அக்கா. எனக்குக் கை பரபரத்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. அக்காவும் கவிதாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் மேசையை ஒழுங்குபடுத்தினேன். பெரியது பின்னால், சிறியது முன்னால், எல்லாம் ஒரே வரிசையில். திரும்பி வந்த கவிதா கைதட்டினாள். "அப்பா, பாருங்க! சித்தி எவ்வளவு நீட்டா வெச்சிருக்காங்க!"

"ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றபடி அத்தான் உட்கார்ந்தார்.

அவர் வலது கை மேசை மூலைக்கு நேராகப் போனது. முந்தின நாள் மாத்திரை டப்பா இருந்த இடம் அது. அங்கே ஒன்றும் இல்லை. விரல்களை அகல விரித்து மெதுவாக மேசையைத் தடவினார். டப்பா அவர் கண்ணெதிரே, ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. கை பட்டு, அக்கா வைத்திருந்த காப்பி கொட்டியது.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க?" என்று அக்கா துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கவிதா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மேசைக்குப் போட நான் யோசித்து வைத்திருந்த அலங்கோலம், தாறுமாறு என்ற சொல் எதுவும் பொருந்தாது. அவர் கைக்கு அது ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. கெடுத்தவள் நான். மதியம் யாரும் பார்க்காத நேரத்தில், நினைவிருந்த மட்டும் ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அத்தான் என்னை லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துப் போனார். நியூட்டனில் ரயில் மாறினால் அடுத்த நிறுத்தம். ஸ்டேஷன் தரையில் பார்வையில்லாதவர்களுக்காகப் புடைத்த கோடுகள் போட்டிருக்கிறார்கள். அவர் கால் அவற்றை விட்டு விலகவே இல்லை. ஆனால் சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடைகளின் வெங்காய மூட்டையும் காய்கறிப் பெட்டியும் நடைபாதை வரை வந்து கிடந்தன. அத்தான் பூக்கடை முன்னால் நின்று மாலைகளை ரசிப்பவர்போல முகத்தை வைத்துக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை.

பக்கத்திலேயே மெஸ் என்று பலகை போட்ட சாப்பாட்டுக் கடை. டீ ஒரு வெள்ளி அறுபது காசு. உட்கார்ந்ததும் கேட்டேன்.

"எவ்வளவு நாளா அத்தான்?"

அவர் கோப்பையைத் தடவிப் பிடித்தார். "இடது கண்ணு போயி ஆறு மாசமாச்சு. வலதுல நிழல் மாதிரி தெரியுது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா வீட்டுக்குத் தெரிஞ்சிடும். கவிதா டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவா. ஒரு மாசம்மா. அவ கிளம்பட்டும், அப்புறம் போறேன்."

"அந்த ஒரு மாசத்துல மிச்சமும் போச்சுன்னா?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நாளைக்கு நான் ஃபிளைட் ஏறதுக்குள்ள நீங்களே சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லிடுவேன்" என்றேன்.

திங்கட்கிழமை பிற்பகல் இரண்டு மணி. சாங்கியில் பெட்டியைப் போட்டாயிற்று. கீழே போய் டீ குடிக்கலாம் என்று நால்வரும் நகரும் படிக்கு வந்தோம். அத்தான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். படியின் மேல்முனையில் அவர் நின்றுவிட்டார்.

"கவிதா, கையைக் குடும்மா. எனக்குப் படி தெரியல."

"கண்ணாடி போட்டிருக்கீங்க லா" என்று அவள் சிரித்தாள்.

"போட்டும் தெரியலம்மா. ஆறு மாசமா."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். "ஐயோ, நான் திட்டிக்கிட்டே இருந்தேனே" என்றாள் அக்கா. கவிதா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நான் எங்கயும் போகலப்பா."

"இதுக்குப் பயந்துதான் சொல்லல. நாளைக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மத்தத அப்புறம் பேசுவோம்."

டீ யாரும் குடிக்கவில்லை. அவள் மெல்பர்ன் போவாளா, அவர் கண்ணில் மிச்சம் இருப்பது நிற்குமா, எதுவும் தெரியாமலேதான் உள்ளே போனேன். நான் சொல்ல வைத்தது சரிதானா என்றுகூட அப்போது உறுதியாகத் தெரியவில்லை. பயமாக இருந்தது. கண்ணாடிச் சுவருக்கு இப்பால் வந்து திரும்பிப் பார்த்தேன். மூவரும் வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். அத்தான் காலைத் தேய்த்துத் தேய்த்து, தயங்கித் தயங்கி நடந்தார். அக்கா அவர் கையைப் பிடித்திருந்தாள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் அவர்கள் நாலு பேர் நடுவில் கைபிடித்து நடந்து நான் பார்த்ததில்லை.