மணிக்கூண்டு கடலுக்குப் போன நாள்

எங்கள் தொழிற்சாலை வாசலில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்த டைம்கீப்பருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. முதுகுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம், முன்னால் பதிவேடு, கையில் சிவப்புப் பேனா. ஒரு நிமிடம் பிந்தினால் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி. மூன்று குறி சேர்ந்தால் அரை நாள் போச்சு. பிரசவ வார்டிலிருந்து ஓடி வந்தவனுக்கும் அதே சிவப்புதான். அந்த விஷயத்தில் மனிதர் பாரபட்சமே பார்த்ததில்லை.

அந்தக் கடிகாரம் காலையில் முந்தி ஓடுகிறது, மாலையில் பிந்தி ஓடுகிறது என்று சங்கத்தின் பேரில் பதினேழு துண்டறிக்கை எழுதினேன். 'நிமிடம் திருடும் மேனேஜரே, பதில் சொல்!' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மேனேஜர் வாயே திறக்கவில்லை. மணிக்கூண்டுதான் திறந்தார்.

"உங்க வாட்செல்லாம் மட்ட ரகம். முதல்ல அதை ரிப்பேர் பண்ணுங்க."

நிரூபிக்க முடியாமலே ஓய்வும் பெற்றுவிட்டோம்.

அதற்குப் பிறகு நான், லேத்தில் வேலை பார்த்த கடைசல்காரர், கேன்டீன் அக்கா மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சுற்றினோம். மணிக்கூண்டும் வந்து ஒட்டிக்கொண்டார். துரத்த மனசு வரவில்லை. கிண்டல் செய்ய ஒரு ஆள் வேண்டாமா?

கடற்கரைக்குப் போகலாம் என்றது அவர்தான். தொண்ணூறு கிலோமீட்டர். அங்குள்ள கலங்கரை விளக்கத்தில் ஏற அந்த ஞாயிறுதான் கடைசி நாள். மறுநாள் பழுதுபார்க்க மூடுகிறார்கள், திறக்க எத்தனை வருடமோ. கல்யாணமான புதிதில், "உன்னை மேல கூட்டிட்டுப் போய் முழுக் கடலையும் காட்டறேன்" என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தாராம். லீவு போட்டால் கடிகாரத்தை யார் பார்ப்பது? போகவே இல்லை. இப்போது அந்த அம்மா பஸ்ஸில் வருகிறார். கூடவே போகக் கூடாதா என்றால், "பஸ்ஸை நம்ப முடியாது. சொன்ன நேரத்துக்கு வராது" என்கிறார் இவர். மாலை ஐந்து மணிக்குக் கேட் மூடிவிடும்.

காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. கடைசல்காரர் வந்து இறங்கியதும் மணிக்கூண்டு கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"ரெண்டு நிமிஷம் லேட்."

"என் போன்ல அஞ்சு இருபத்தெட்டு சார்."

"ஆளுக்கொரு நேரம் வெச்சா ஊர் போய்ச் சேர முடியாது. போனையெல்லாம் அக்கா பையில போடுங்க. இன்னிக்கு ஒரே வாட்ச், என் வாட்ச்."

"வேலையை விட்டாலும் வேலை இவரை விடல" என்று முனகிக்கொண்டே அக்கா போன்களை வாங்கிப் பையில் போட்டார். விளையாட்டுதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பத்தேகாலுக்கு டீ, பத்து நிமிடம். கடைசல்காரர் ஒதுங்கப் போனால் அதற்கும் கணக்கு. பாதி வழியில் அக்காவின் செயின் கழன்றது. மூன்று பேர் கை கறுப்பாகியது, நாலாவது ஆள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணிக்குப் பெட்ரோல் பங்க் நிழலில் பொட்டலத்தைப் பிரித்தோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் மணிக்கூண்டு வாட்சின் திருகைப் பிடித்து லேசாகத் திருகினார். சாவி கொடுக்கிறார் என்று நினைத்தேன்.

மதியத்துக்கு மேல் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. மிதிக்க மிதிக்க சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கிற மாதிரி இருந்தது. பின்பக்கம் எனக்குச் சொந்தமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசித் திருப்பத்தில் அக்கா இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்தே விட்டார்.

"உட்காருங்க, அஞ்சு நிமிஷம். நேரம் இருக்கு" என்றார் மணிக்கூண்டு. அவர் வாயில் அப்படி ஒரு தாராளத்தை நான் கேட்டதே இல்லை.

போய்ச் சேர்ந்தோம். கேட் மூடியிருந்தது. உள்ளே கோபுரத்தின் உச்சியில், பஸ்ஸில் முன்பே வந்து ஏறிவிட்ட அவர் மனைவி கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"டைம் முடிஞ்சுது சார்" என்றார் நாற்காலியில் இருந்த வாட்ச்மேன்.

"என்ன முடிஞ்சுது? நாலு ஐம்பத்தெட்டு!" மணிக்கூண்டு கம்பிக்குள் கையை நீட்டி வாட்சைக் காட்டினார்.

அக்கா பையிலிருந்து போன்களை எடுத்தார். மூன்றிலும் ஐந்து இரண்டு.

கடைசல்காரர் நிதானமாகக் கேட்டார்.

"காலையில நாலு நிமிஷம் முன்னாடி இருந்த வாட்ச், இப்ப எப்படி சார் நாலு நிமிஷம் பின்னாடி போச்சு? சாப்பிட்டதும் திருகினீங்களே, அதுவா?"

மணிக்கூண்டு தன் விரல்களை யாரோ மாட்டிவிட்ட விரல்கள் போலப் பார்த்தார்.

"பழக்கம்" என்றார்.

"வாசல் கடிகாரத்தையும் தினமுமா?"

"தினமும்."

பதினேழு துண்டறிக்கையால் ஆகாததை ஒரு கைப்பழக்கம் செய்துவிட்டது. எனக்குப் பழைய மேடைக் குரலே திரும்பி வந்தது. "சொல்லுங்க, யார் திருப்பச் சொன்னது? மேனேஜர்தானே?"

"யாரும் சொல்லல. நானாத்தான். தெரிஞ்சா சந்தோஷப்படுவார்னு நெனைச்சேன்."

"தெரிஞ்சுதா?"

"அவர் ஒரு நாளும் கடிகாரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கல."

ஆக, பதினேழிலும் திருடனின் பெயர் தப்பு. அந்த மேனேஜர் செய்த அயோக்கியத்தனங்களுக்குப் பஞ்சமில்லை. இது ஒன்றை மட்டும் அவர் செய்யவில்லை.

"நீங்க பேசிப் பாருங்க தோழர்" என்று மணிக்கூண்டு என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தோழர் என்றது அதுதான் முதல் தடவை. "நாளைக்கு மூடிடுவாங்க. அவ அங்க தனியா நிக்கறா."

அக்கா என்னைப் பார்த்தார். "பேசுங்க தோழர். அந்த அம்மா என்ன பாவம் பண்ணாங்க?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் வாட்ச்மேன் எழுந்து சாவியைப் போட்டுவிட்டார்.

"ரெண்டு நிமிஷம்தானே சார். இதுக்கா இவ்வளவு பேச்சு? கேட்டிருந்தா அப்பவே திறந்திருப்பேனே."

மணிக்கூண்டு அவரை வேற்று மொழிக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒரு தடவைகூட ஒலிக்காத வாக்கியம் அது.

படி ஏறப் போனவர் நின்றார்.

"இப்ப சரியான டைம் என்னம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"அஞ்சு ஏழு."

திருகைப் பிடித்து வாட்சைச் சரி செய்துகொண்டே மேலே போனார்.

கடைசல்காரர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "பந்தயம் கட்டறேன் தோழர். அஞ்சு மூணுதான் வெச்சிருப்பார்."