எஸ்டேட் 14

கணினியில் படங்களுக்குப் பெயர் மாற்றுவது பெரிய வித்தையில்லை. முதலில் எல்லாவற்றையும் ஒரு சீடியில் பிரதி எடுத்துவிட வேண்டும். பெயருக்குப் பின்னால் புள்ளியோடு நிற்கும் மூன்று எழுத்துகளில் கை வைக்கக் கூடாது. மொத்தமாக மாற்ற வேண்டுமானால், படங்களைத் தெரிவுசெய்து ஒரே ஒரு பெயரை அடித்து என்டரைத் தட்டினால் போதும். எண்களைக் கணினியே போட்டுக்கொள்ளும். இதையெல்லாம் என் நாத்தனாருக்குச் சொல்லிக்கொடுத்த பாவி நான்தான். பிரதி எடுப்பதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை.

நாத்தனார் என் கணவரின் அக்கா. புருஷன் போன பிறகு தாய்வீட்டுக்கே வந்துவிட்டவர். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் விற்கும் குடும்பம். கடைக்கு மேலே வீடு. நான் எல்கடுவையில் தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். கம்ப்யூட்டர் வகுப்புக்கு டவுனுக்கு வந்தவளை அவருடைய தம்பி கட்டிக்கொண்டதை அவர் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அவருடைய மன்னிப்பு எனக்குத் தேவையும் இல்லை.

கல்யாணப் படங்கள் ஸ்டூடியோவிலிருந்து சீடியில் வந்தன. நானூறுக்கு மேல் இருக்கும், எல்லாம் வெறும் எண்கள். ஒரு வாரம் மத்தியானங்களில் உட்கார்ந்து, இன்னார் இன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் அடித்தேன். அம்மாவின் படத்துக்கு அவள் பெயரை முழுதாக அடித்தேன். கல்யாணத்தில் கூச்சப்பட்டு ஒதுங்கியே நின்றதால் அவளுக்கு இருந்தது அந்த ஒரு படம்தான். லயத்துச் சுவரில் இருந்த பழைய படங்கள் எண்பத்து மூன்று கலவரத்தில் லயத்தோடு எரிந்துபோயிருந்தன.

நாலு வருஷம் கழித்து அம்மா இறந்துபோனாள். மறுநாள் மூன்று மணிக்கு எடுப்பதாக முடிவாயிற்று. தலைமாட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டும். நானும் என் தம்பியும் காலை முதல் பஸ்ஸில் டவுனுக்கு இறங்கினோம். செக்பொயின்ட்டில் எல்லாரையும் இறக்கி ஐடென்டி கார்டு பார்த்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணினியைப் போட்டு அம்மாவின் பெயரைத் தேடினேன். இல்லை. தம்பியின் பெயரும் இல்லை. ஹோலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் கேட்டேன்.

“லண்டன்ல மகனுக்கு அந்த ஸ்டூடியோ சீடிய அனுப்புறப்ப, கம்ப்யூட்டர்ல இருந்து பேரெல்லாம் ஒரு லிஸ்ட்டா எழுதினேன். உங்க பக்கத்து ஆளுங்க பேரெல்லாம் அவனுக்கு என்னத்துக்கு? எஸ்டேட்னு ஒண்ணா போட்டுட்டேன். பாரு, இருக்கும்.”

பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

எஸ்டேட் 1 முதல் எஸ்டேட் 61 வரை இருந்தது. அவர்கள் பக்கத்தில் ஒரு பெயர்கூட மாறவில்லை. வாசலில் கட்டிய வாழைமரம் ‘வாழைமரம்’ என்றே இருந்தது. மாப்பிள்ளை வந்த காருக்கும் பெயர் இருந்தது. என்னைப் பெற்றவளுக்கு இல்லை. ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன். அந்தப் பழைய கணினி மெதுவாகத்தான் காட்டியது. ஒன்பதாவது படத்தில் கரண்ட் போயிற்று.

தம்பி உட்காராமல் ஒரு மணி நேரம் நின்றான். “அக்கா, பஸ் போயிரும். அம்மாவோட ஐடென்டி என்கிட்ட இருக்கு. அதைக் குடுத்து பெருசாக்குவோம்” என்றான்.

ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கினோம். மூக்கும் வாயும் கலங்கி, பயந்துபோன யாரோ ஒரு பொம்பளை வந்தாள். அம்மாவோடு கொழுந்து பறித்தவர்களே அதைப் பார்த்து “இது யாரு?” என்று கேட்டார்கள். அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு கேட்டார்கள்.

கருமாதி முடித்துத் திரும்பியதும் அறுபத்தொன்றையும் திறந்தேன். பதினாலாவதில் அம்மா இருந்தாள். என் தலையில் பூ வைத்துவிட்டு நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்தில் கல்யாணப் பெண்ணாக நான். அப்படியானால் நானும் எஸ்டேட் 14தான். தாலி ஏறிய பிறகு எடுத்த படங்களில்தான் எனக்குப் பெயர் விட்டுவைத்திருந்தார்.

நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்தேன். முதலில் எல்லாவற்றையும் சீடியில் பிரதி எடுத்தேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் அவரவர் பெயரை அடித்தேன். அடுத்து அவர்கள் பக்கத்துப் படங்கள் முழுவதையும் தெரிவுசெய்து, ‘கடை’ என்று அடித்து என்டரைத் தட்டினேன். ஒரு கோளாறும் வரவில்லை. எல்லாரும் நம்பரோடு வரிசையில் நின்றார்கள். வாழைமரத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது ஒரு தப்பும் செய்யவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். “அக்கா தெரியாம செஞ்சது. விட்டுடேன்.”

“நானும் தெரியாமத்தான் செய்றேன்” என்றேன். அவர் கடைக்கு இறங்கிப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் கணினி முன்னால் உட்கார்ந்தார். சமையலறைவரை சத்தம் கேட்டது.

“என் பேர் எங்க? என் பேரை எடுத்துட்டு என்ன போட்டு வச்சிருக்க நீ?”

ஈரக் கையோடு போய் நின்றேன். “கடைன்னு ஒண்ணா போட்டிருக்கேன் அண்ணி. உங்க படமும் அதுக்குள்ளதான் இருக்கு. உங்களுக்கு மாலை போடுற அன்னிக்கு மகன் வந்து தேடிக்கட்டும்.”

அவர் எழுந்து அறைக்குள் போனார்.

அவர்கள் பெயர்களோடு நான் பிரதி எடுத்த சீடி என் அலுமாரியில்தான் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும். இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் நான் கொடுக்கப்போவதில்லை.