வெள்ளிக்கிழமை மறுமொழி

ஒரு சட்டி எண்ணெய் எரிந்துகொண்டிருந்தது. நூலகத்தின் பின்பக்கம், வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் பனியை வழித்து ஒதுக்கிவிட்டு, ஒரு காஸ் அடுப்பின் மேல் சட்டியை வைத்து எரியவிட்டிருந்தார் எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர். முழங்கை வரை தோல் கையுறை போட்டிருந்தார். சுற்றிவர நாங்கள், கடன் வாங்கியது போலப் பொருந்தாத குளிர்ச்சட்டைகளுக்குள் நின்ற தமிழர்கள். சுவாலை ஆளுயரத்துக்கு எழும்பியபோது அவர் பதறாமல் ஒரு மூடியை எடுத்துப் பக்கவாட்டில் தள்ளி மூடினார். நெருப்பு அடங்கியது. “தண்ணீர் ஊற்றினால் வீடே போகும். மூடினால் போதும்,” என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். ஷெல்லுக்கும் ஹெலிகொப்டருக்கும் தப்பி வந்தவர்களுக்கு வடை சுடும் சட்டியால் சாவு வரலாம் என்று ஒருவர் அக்கறையோடு விளங்கப்படுத்தியது எங்களில் சிலருக்குச் சிரிப்பாக இருந்தது. ஆனாலும் எல்லோரும் அவரை விரும்பினோம்.

ஜட்லாந்தின் வடக்கே, கடல் நீரேரிக் கரையில் இருந்த சிறிய ஊர் அது. பொலிஸ் நிலையத்தில் வெளிநாட்டவர் மேசை என்று ஒன்று இருந்தது. அதில் அவர் ஒருவர்தான். அகதிகளுக்கு ஊரைப் பற்றித் தகவல் கொடுப்பதும் அவர்களைப் பத்திரமாகப் பார்ப்பதும் தன் வேலை என்று அவர் நம்பினார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நூலகத்தின் கீழ்த்தளத்தில் கூட்டம் வைப்பார். சைக்கிளுக்கு லைற் பூட்டாமல் ஓடக்கூடாது, உறைந்த நீரேரியில் பத்திரமான இடம் என்று கொடி கட்டாத பக்கம் கால் வைக்கக்கூடாது, அவசரத்துக்கு மூன்று சைபர் அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். “தகவல் தெரிந்த மனிதனுக்குப் பாதி ஆபத்து இல்லை” என்பது அவர் அடிக்கடி சொல்வது. கிழக்கு பேர்லின் வழியாகக் கணவரோடு முதலிலேயே வந்துவிட்டவள் என்பதால் எனக்கு டெனிஷ் கொஞ்சம் ஓடும். நிலையத்தில் என்னை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டார்கள். அவர் பேசியதையெல்லாம் தமிழாக்கியது என் வாய்தான்.

குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பங்களும் அந்த மேசைக்குத்தான் வரும். அவர் வாங்கிப் பதிந்து, கேள்விகள் கேட்டு, கோபன்ஹேகனுக்கு அனுப்புவார். முடிவு அங்கேதான். தனியே வந்த ஆண்கள் எல்லோரும் மனைவி பிள்ளைகளுக்காக விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. அவர்களில் ஒருவரை நாங்கள் மன்னார் அண்ணை என்று கூப்பிட்டோம். மற்றவர்கள் யாழ்ப்பாணத்தவர்கள். மன்னாரில் இருந்து வந்தவர் அவர் ஒருவரே. மட்டி பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையில் தனியே இருந்தார். மனைவியும் ஒரு பெண்குழந்தையும் ஊரில். குழந்தையின் படம் ஒன்றை எனக்குக் காட்டியிருக்கிறார். முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு.

வெள்ளிக்கிழமைகளில் மத்தியானத்தோடு தொழிற்சாலை விடும். மன்னார் அண்ணை குளித்து, தலை வாரி, சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வருவார். மேசைக்கு முன்னால் இருந்து, “ஏதும் தகவல் இருக்கோ?” என்று கேட்பார். நான் டெனிஷில் சொல்வேன். பொலிஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “பரிசீலனையில் இருக்கிறது. பொறுத்திருங்கள்,” என்பார். நான் தமிழில் சொல்வேன். அண்ணை நன்றி சொல்லிவிட்டுப் போவார். எல்லா வெள்ளியும் இதே.

ஒருநாள் அண்ணை வேறொரு கேள்வி கேட்டார். ஊரில் சண்டை நெருங்குகிறது, அயலில் எல்லோரும் மடு மாதா கோயிலுக்கு இடம்பெயர்கிறார்கள், மனைவியும் பிள்ளையும் போகலாமா என்று. பொலிஸ்காரர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லும் மனிதரில்லை அவர். இரண்டு இடங்களுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: விண்ணப்பத்தில் எழுதிய விலாசத்தில்தான் அவர்கள் இருக்க வேண்டும். தூதரகம் அங்கேதான் அழைப்பு அனுப்பும். விலாசம் மாறினால் எல்லாம் முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும்.

“அப்ப அசைய வேண்டாம் எண்டுறாரோ, தங்கச்சி?” என்று அண்ணை என்னைக் கேட்டார்.

“அப்பிடித்தான் அண்ணை சொல்லுறார். விலாசம் மாத்தாட்டி நல்லதாம்.”

அவர் அன்றே மனைவிக்கு எழுதிப் போட்டார்.

அதன் பிறகு இலையுதிர்காலமும் முழுக் குளிர்காலமும் போயின. அண்ணை ஒரு வெள்ளியும் தவறவில்லை. கொஞ்சம் மெலிந்துபோனார். படத்தை எடுத்துக் காட்டுவதை விட்டுவிட்டார். வந்து இருந்து, அதே கேள்வியைக் கேட்டு, அதே மறுமொழியை வாங்கிக்கொண்டு போவார். மறுமொழி சொல்லும்போது பொலிஸ்காரருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் என்னைத்தான் பார்ப்பார். காத்திருந்து களைத்த மனிதன் என்று நான் நினைத்தேன்.

வசந்தம் வந்தபோது கோபன்ஹேகனில் ஏதோ திறந்தது. தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களுக்கு முடிவுகள் வரத் தொடங்கின. எங்கள் ஊருக்கு வந்த முதல் அனுமதி மன்னார் அண்ணையின் குடும்பத்துக்கு. பொலிஸ்காரர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவருடைய காது மடல் சிவந்திருந்தது. வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டாம், சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்வோம், மற்றவர்களுக்கும் நம்பிக்கை வரும் என்றார். தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று என்னிடம் ஒரு வசனம் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். காரில், குளியலறையில் எல்லாம் சொல்லிப் பழகியதாகப் பிறகு சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மேசைகளில் சின்னச் சின்ன டெனிஷ் கொடிகள் நின்றன. இந்த நாட்டில் சந்தோசமான நாளுக்குக் கொடி வைப்பார்கள். அவருடைய மனைவி சுட்டு அனுப்பிய கிறீம் கேக் ஒன்று நடுவில் இருந்தது. பொலிஸ்காரர் சீருடையோடு எழுந்து மன்னார் அண்ணையை முன்னால் கூப்பிட்டார். அண்ணை வந்து நின்றார். பொலிஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக வைத்து, “உங்கட குடும்பம் வரலாம்,” என்று தமிழில் சொன்னார்.

எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ ஒருவர் அழுதது கூட எனக்குக் கேட்டது. அண்ணை கை தட்டல் ஓயும்வரை பொறுத்து நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, “தங்கச்சி, நான் சொல்லுறதை ஒண்டும் விடாமல் சொல்லு,” என்றார்.

“அவையள் செத்துப்போச்சினம். போன ஐப்பசியில ஷெல் விழுந்து ரெண்டு பேரும் போயிட்டினம். திருச்சியில இருக்கிற மச்சான் ரெலிபோனில சொன்னவன்.”

“சொல்லு,” என்றார் அவர் மறுபடியும், அதட்டாமல். சொன்னேன். டெனிஷில் அந்த வசனம் மிகச் சின்னதாக இருந்தது.

பொலிஸ்காரர் உடனே விளங்கிக்கொள்ளவில்லை. பிறகு, “நீங்கள் ஒவ்வொரு வெள்ளியும் வந்தீர்களே,” என்றார்.

“ஓம், வந்தனான்,” என்றார் அண்ணை. “ஒவ்வொரு வெள்ளியும் என்ர முகத்தைப் பாத்து என்ன சொல்லுறீங்கள் எண்டு கேக்கத்தான் வந்தனான். நீங்கள் மாத்திச் சொல்லேல்லை. விலாசம் மாத்த வேண்டாம் எண்டு சொன்னீங்கள். அயலட்டை எல்லாம் மடுவுக்குப் போகேக்க அவள் போகேல்லை. சேமக்காலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் வளவுக்குள்ளயே தாட்டவை. இண்டைக்கும் அதே விலாசத்திலதான் இருக்கினம். கூப்பிட்டுப் பாருங்கோ.”

கடைசிச் சொல் வரைக்கும் மொழிபெயர்த்தேன். அண்ணை தன் குளிர்ச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கேக்கை ஒருவரும் வெட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். போகும்போது பொலிஸ்காரருக்குக் கை கொடுப்பதா விடுவதா என்று தெரியாமல் சிலர் வாசலில் தடுமாறினார்கள்.

கோப்பைகளைக் கழுவ நானும் அவரும்தான் மிஞ்சினோம். அவர் கழுவினார், நான் துடைத்தேன். அப்போது அவராகவே சொன்னார். அண்ணை விலாசத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே தனக்குத் தெரியும் என்று. கோபன்ஹேகனில் இருந்த ஒரு நண்பர் தொலைபேசியில் சொல்லிவிட்டாராம்: தமிழர்களின் விண்ணப்பங்கள் அசையவில்லை, மேலிடத்து விருப்பம் அப்படி, அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள். கேட்பவர்களுக்குப் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்லும்படி பொலிஸ்காரர்களுக்குச் சொல்லப்பட்டதாம்.

“அப்படியென்றால் ஏன் விலாசத்தை மாற்ற வேண்டாம் என்று சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“அது சரியான தகவல்,” என்றார். “சட்டப்படி அது சரி.” கையில் இருந்த கோப்பையை மறுபடியும் கழுவினார்.

அவரை நான் அரக்கனாக நினைத்திருந்தால் இத்தனை வருடங்கள் நினைவில் வைத்திருக்க மாட்டேன். அரக்கர்களை எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருந்தோம். வரும்போதே சத்தமாக வருவார்கள், ஓடி ஒளிய நேரமாவது கிடைக்கும். இவர் எங்கள் சைக்கிள்களுக்குத் தன் கையால் லைற் பூட்டித் தந்தவர். பனியில் விழுந்த என் கணவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவர். எரியும் எண்ணெயைப் பற்றி எங்களிடம் உண்மை சொன்னார், உறைந்த நீரைப் பற்றி உண்மை சொன்னார். எல்லாவற்றையும் விட ஆபத்தான ஒரு விசயத்தில் மட்டும், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தனக்குத் தரப்பட்ட வசனத்தைச் சொன்னார். அந்த வசனத்தை நம்பத்தக்கதாக ஆக்கியது அவருடைய நல்ல குணம்தான். வேறொரு முரட்டுப் பொலிஸ்காரர் சொல்லியிருந்தால் அண்ணை நம்பியிருக்க மாட்டார், அவளும் பிள்ளையும் மடுவுக்குப் போயிருப்பார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்னார் அண்ணை வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. தலை வாரி, மேல் பொத்தான் பூட்டி, அதே கதிரையில் இருந்தார். “ஏதும் தகவல் இருக்கோ?” என்றார். மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. பொலிஸ்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலையம் பூட்டும் நேரம் வரைக்கும் அண்ணை இருந்துவிட்டு எழும்பிப் போனார். அதற்கு அடுத்த வெள்ளியும் வந்தார். மற்றவர்களின் மனைவிகளும் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்த அந்தக் கோடை முழுக்க வந்தார். அந்த மேசையில் இருந்து இவ்வளவு காலம் மறுமொழி சொன்னவர், ஒரு மறுமொழியும் இல்லாமல், சீருடைக்குள் வியர்த்துக்கொண்டு இருப்பதை நான் வாரா வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கடைசியில் அவர் மாற்றம் கேட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்த பெண் பொலிஸ், “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று கேட்டபோது, “ஒண்டுமில்லை,” என்று சொல்லிவிட்டு எழும்பிய அண்ணை அதற்குப் பிறகு வரவில்லை.

அந்த வருடங்களை இந்த நாடு இப்போது தமிழர் வழக்கு என்று சொல்கிறது. விசாரணை நடந்தது, அரசாங்கம் போனது, விண்ணப்பங்களை முடக்கிய அமைச்சருக்குத் தண்டனை கிடைத்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் கூட இருக்கிறது. சின்ன ஊர் மேசையில் இருந்த ஒரு பொலிஸ்காரரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அவர் இறந்த அறிவித்தலை, இப்போது நான் இருக்கும் விபோர்க் நகரத்தில், பத்திரிகையில் பார்த்தேன். மன்னார் அண்ணையும் விபோர்க்கில்தான் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மறுமணம் செய்யவில்லை. தொலைபேசியில் சொன்னேன். “என்னையும் கூட்டிக்கொண்டு போ,” என்றார். ஏன் என்று கேட்டேன். “செத்தது உண்மையோ எண்டு பாக்கத்தான்.”

தேவாலயத்தில் கடைசி வாங்கில் இருந்தோம். அண்ணை பாட்டுக்கு எழும்பவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது கழுத்தை நீட்டிப் பார்த்தார். முடிந்ததும் போய்விடலாம் என்று கார் பக்கம் திரும்பினோம். அதற்குள் பொலிஸ்காரரின் மனைவி, கைத்தடி ஊன்றிய மெலிந்த கிழவி, எங்களைத் தேடி வந்துவிட்டார். அண்ணையின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கள் வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர்தானே? அவர் உங்களைப் பற்றி எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான்தான் கேக் சுட்டேன். உங்கள் குடும்பம் வந்து சேர்ந்ததை அவர் வீட்டில் வந்து சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.” பிறகு கேட்டார்: “மகள் இப்போது பெரிய பெண்ணாக இருப்பாளே?”

இனி என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அண்ணைக்கு இப்போது என் உதவி தேவையில்லை. இல்லத்துக் கிழவர்களோடு கதைத்துக் கதைத்து டெனிஷ் நன்றாக வரும். அவர் அந்தக் கிழவியின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெரிய பெண்தான்,” என்றார். “இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.”

காரில் ஏறி ஊர் எல்லையைத் தாண்டினோம். வயல்களில் ஏதோ பச்சையாக முளைத்திருந்தது. ஏன் அப்படிச் சொன்னீங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அவரே தொடங்கினார்.

“நல்ல காலம், மேல கேக்கேல்லை,” என்றார். “பேரப்பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பன் எண்டுதான் யோசிக்கிறன்.”