முறை முடிந்த டொமைன்

1. காசி அண்ணனின் போன்

"எங்க நண்டுக் கடையில வேற எவனோ குந்திக்கினு இருக்கான்மா! பக்கத்துக் குப்பத்துக்காரங்க, நாங்கதான் பேரை வித்துட்டோம்னு சண்டைக்கு வராங்க. இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவிலிருந்து காசி அண்ணன் இப்படிக் கத்தியபோது நான் சென்னையில் டொமைன், அதாவது இணையதளப் பெயர், விற்கும் ஒரு கம்பெனியில் சீனியர். எனக்கும் பழவேற்காட்டுப் பக்கம்தான், நெல் விளையும் ஊர். அந்தப் பழக்கத்தில்தான் அவருடைய மீனவர் குழு என்னிடம் வந்தது. ஏரி நண்டைச் சென்னை வீடுகளுக்கு நேராக விற்க அவர்களுக்கு ஒரு டாட் இன் பெயரைப் பதிவு செய்து, சின்னதாக ஒரு சைட்டும் போட்டுக் கொடுத்திருந்தேன். ஆர்டர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது.

சைட்டைத் திறந்து பார்த்தேன். நண்டுப் படம் இருந்த இடத்தில் "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்று இருந்தது. கீழே ஏதோ ஐஸ் மீன் விளம்பரம். யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று தேடினால், எங்கள் முதலாளி பெயரில்!

2. இது பாடு அல்ல

ஒரு வருஷப் பதிவு முடியும் முன்பே ரின்யூவலுக்காகக் காசி அண்ணனுக்குப் போன் செய்திருந்தேன்.

"எங்க முறை முடியுது தங்கச்சி. இனிமே பக்கத்துக் குப்பம். அவங்க கூட்டம் போட்டுட்டு வந்து எடுத்துக்குவாங்க" என்றார்.

ஏரியில் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பங்கிடுவதைப் பாடு என்பார்கள். முறை முடிந்தவர் ஒதுங்கிவிடுவார். அடுத்தவர் வரும்வரை அந்த இடத்தில் வேறு யாரும் வலை இறக்க மாட்டார்கள். டொமைனையும் அப்படியே நினைத்துவிட்டார்கள்.

"டொமைன் காத்திருக்காதுண்ணே. விட்டா எவன் வேணா எடுத்துக்குவான். முதல்ல நீங்க ரின்யூ பண்ணுங்க, அப்புறம் அவங்க பேருக்கு மாத்தலாம்."

"முறை முடிஞ்ச அப்பால நாங்க காசு கட்டுனா, அவங்க முறையில நாங்க கை வச்சதா ஆயிடும். அது தப்பும்மா."

எவ்வளவு சொல்லியும் அவர் மசியவில்லை. "அடுத்த குழு வந்து எடுக்கும், அதுவரை பெயரைக் காப்பாற்றவும்" என்று சிஸ்டத்தில் குறிப்புப் போட்டேன். முதலாளி அதைப் படித்திருக்கிறார். கெடு முடிந்து பெயர் பொதுவுக்கு வந்ததும் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

3. மார்க்கெட்

நேராக முதலாளி அறைக்குப் போனேன்.

"டாட் காம்ல நல்ல பேரெல்லாம் போயிடுச்சும்மா. இனிமே குரோத் டாட் இன்லதான். ஊர் பேரு, மீன் பேரு எல்லாத்துக்கும் வேல்யூ ஏறும். இந்தப் பேருக்கு ஆள் வர்றான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ப்ரீமியம் ரேட் சொல்லுங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

"அவங்க நம்ம கஸ்டமர் சார்."

"எக்ஸ்பயர் ஆயிடுச்சு. ரூல்ல தப்பில்ல."

இந்த மனிதர் ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. தண்ணீரில் கிடந்து நண்டு பிடித்தவர்களால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பே வந்தது. அதைப் பிடுங்கி அவர்களுக்கே விற்பதற்கு வளர்ச்சி என்று பெயரா? வெட்கமாக இல்லையா? டாட் இன்னுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்கும் இளையவர்களே, உண்டு. ஆனால் அந்தப் பெயரை வைத்து யார் பிழைக்கப்போகிறார்கள் என்று பார்த்துவிட்டு விற்பனையைப் பற்றிப் பேசுங்கள். நான் அன்றைக்கே ராஜினாமா செய்தேன்.

4. புதுப் பெயர்

அடுத்த நாள் தோணிரேவுக்குப் போய், இரண்டு ஊர்க்காரர்களையும் உட்கார வைத்து, எடுத்தது யார் என்று சொன்னேன். புகார் கொடுக்க வழி இருந்தது. அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டார்கள். பழைய பெயர் போனது போனதுதான். புதிதாக ஒரு பெயர் பார்த்தோம்.

"யார் பேர்ல பதியட்டும்ணே?"

"அவங்க பேர்லதான். அவங்க முறையாச்சே."

நேற்றுவரை காசி அண்ணனைத் திருடன் என்று ஏசியவர்கள் எதிரிலேயே நின்றிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த வருஷம் அவங்க திருப்பிக் குடுக்கலேன்னா?" என்று கேட்டேன்.

காசி அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ அந்த ஆபீஸ்ல ரொம்ப நாள் இருந்துட்ட தங்கச்சி."