சேராங்கொட்டைக் குறி

சேராங்கொட்டையை ஊசியில் குத்தி விளக்குச் சுடரில் காட்டினால், முதலில் முந்திரிக்கொட்டை சுடுவதுபோல ஒரு வாசனை வரும், பசிகூட எடுக்கும். ஓடு வெடித்துக் கறுப்பு எண்ணெய் கசியத் தொடங்கியதும் அதுவே காரமாக மாறித் தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பதுகளின் நடுவில், ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்தில், அந்த எண்ணெய் என் அக்கா கமலாவின் பின்கழுத்தில் சொட்டியது.

கமலா அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு இடமும் கிடைத்திருந்தது. ஆனால் சேருவதற்கு முன் டாக்டர் உடம்பைப் பரிசோதிப்பார். தோல் நோய் இருந்தால் சேர்க்கமாட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அவள் பின்கழுத்தில், ரவிக்கையின் விளிம்பு உரசும் இடத்தில், காசளவுக்கு ஒரு சிவப்புத் தடிப்பு கிளம்பி, அரித்து, நீர் கசிய ஆரம்பித்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "படை" என்றார்.

அப்பா கன்டோன்மென்ட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. மாலையில் வீடு திரும்பியதும் தெருவுக்கே வைத்தியர். சொறி, சிரங்கு, சேற்றுப்புண் என்று யார் வந்தாலும் இலையோ வேரோ சொல்லுவார், காசு வாங்கமாட்டார், ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். கமலாவுக்கு முதலில் சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசினார். பிறகு பூவரசங்காயைக் கீறி அதன் மஞ்சள் பாலைத் தடவினார். படை போகவில்லை, கறை மட்டும் நின்றது. குழாயடியில் பெண்கள் அவளை "மஞ்சக்கழுத்தி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தொற்றிக்கொள்ளும் என்பதால் அவளுக்குத் தனித் தட்டு, தனிப் பாய், தனிப் போர்வை வந்தன. அவளோடு ஒட்டிப் படுத்தே பழகிய என்னை அம்மா தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவளத் தொட்டா கையக் கழுவிட்டு வாடி" என்பது அந்தக் கோடையில் அம்மா என்னிடம் ஓயாமல் சொன்ன வாக்கியம். கமலா காது கேட்கும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் வீட்டுத் துணி டோபிக்குப் போகும். குமாஸ்தா குடும்பத்துக்கு அது ஒரு கௌரவம். டோபி முனுசாமி சேராங்கொட்டையில் ஊசியை விட்டு அதன் சாற்றால் துணியின் ஓரத்தில் எங்கள் வீட்டு அடையாளமாக ஒரு கோடும் இரண்டு புள்ளியும் இட்டு, மேலே சுண்ணாம்பைத் தொட்டு வைப்பார். குறி கறுத்துவிடும், எத்தனை வெளுப்புக்கும் போகாது. கமலாவின் துணி மற்றவர்கள் துணியோடு கலக்கக்கூடாது என்று அப்பா சொன்னதால், அவளுடைய ரவிக்கைகளின் கழுத்து விளிம்பிலும் புடவை, போர்வை ஓரங்களிலும் பழைய குறிக்குக் கீழே புதிதாக ஒரு வட்டமும் ஏறியது. அடுத்த சலவை வந்த வாரமே காசளவுத் தடிப்பு உள்ளங்கை அளவுக்குப் பரவியது. "நல்லவேளை, துணியப் பிரிச்சோம்" என்றார் அப்பா.

இனி கடுமையான மருந்துதான் என்று அவர் தீர்மானித்து, முனுசாமியிடமே கொட்டை கேட்டார். தோலுக்கு ஆகுமா என்றும் கேட்டார். முனுசாமி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். "கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து இதுலதான் சாமி கை கெடக்குது. எனக்கு இன்னா ஆச்சு? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

அம்மா கமலாவின் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எண்ணெயைச் சொட்டவிட்டார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம் இருந்ததால் கமலா கத்தவில்லை.

"எரியுதுப்பா."

"எரியுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா."

காலையில் மொச்சைக் கொட்டை அளவில் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. விஷம் மேலே வருகிறது என்று அப்பாவுக்குத் திருப்தி. கொப்புளம் வராத இடங்களில் மறுபடியும் சொட்டவிட்டார்.

பரிசோதனைக்குக் கஞ்சி போட்ட வெள்ளை ரவிக்கையில் போனாள் கமலா. பெண் டாக்டர் அந்த ரவிக்கையின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாராம். குறியைக் கழுத்தின் மேல் வைத்துப் பார்த்தாராம். துணி வெளுப்பது யார் என்று கேட்டாராம். முதலில் வந்தது படையே இல்லை, இந்தச் சாறு உன் தோலுக்கு ஒவ்வவில்லை, அதனால் வந்த கரப்பான் என்று சொல்லிவிட்டு, கழுத்தைச் சுட்டது யார் என்றும் கேட்டாராம். சீழ் பிடித்த கழுத்தோடு வார்டுக்குள் விட முடியாது, ஆறட்டும், அடுத்த வருஷம் வா என்று அனுப்பிவிட்டார்.

வீட்டில் அவள் சொன்னதையெல்லாம் அப்பா பொறுமையாகக் கேட்டார். "நாம எல்லாருமே முனுசாமிகிட்டத்தானே துணி போடறோம்? எனக்கு வரலியே. உங்கம்மாவுக்கு வரலியே. உனக்கு மட்டும் எப்படிம்மா வரும்?"

ஒருவர் தோல் தாங்குவதை இன்னொருவர் தோல் தாங்காது என்று எடுத்துச் சொல்ல அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. கமலா கத்தரியை எடுத்துத் தன் ரவிக்கைகளிலும் புடவைகளிலும் இருந்த குறிகளை வெட்டி எறிந்தாள்; ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து தன் துணியைத் தானே துவைத்தாள். அரிப்பு போய்விட்டது. சுட்ட இடம் மெதுவாக ஆறி, பளபளப்பான தடித்த தழும்பாக நின்றது. "சேராங்கொட்டை கேட்டுச்சு பாத்தியா" என்று அப்பா தெருவெல்லாம் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டு எதிர்வீட்டுப் பையனின் முழங்காலும் வெந்தது.

அடுத்த வருஷம் நர்ஸ் படிப்பு என்ற பேச்சை அவள் எடுத்தபோது, கண்டவர்கள் புண்ணைக் கழுவி மறுபடியும் படையை வாங்கிக்கொண்டு வரவேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் தழும்பின் மேல் பின்னலை இழுத்துவிட்டு, கனகாம்பரத்தை அடர்த்தியாக வைத்தாள் அம்மா. கோலாரில் கொடுத்தார்கள்.

அந்த ஓட்டு வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. முனுசாமியும் இல்லை, குறி போடும் டோபிகளும் இல்லை. மெஷின் துவைக்கிறது, சலவைக் கடையில் காகிதச் சீட்டைக் குத்தி அனுப்புகிறார்கள். போன வருஷம் அப்பாவின் பழைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்தபோது, அடியில் ஒரு போர்வை கிடந்தது. பிரித்தால் பொடியாக உதிர்ந்தது. ஓரத்தில் ஒரு கோடு, இரண்டு புள்ளி, கீழே ஒரு வட்டம். அந்த இடம் மட்டும் கன்னங்கரேலென்று அப்படியே இருந்தது.

அந்தத் துண்டைக் கமலாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இன்றைக்கும் அவள் ரவிக்கைக்குப் பின்கழுத்தை ஏற்றித்தான் தைக்கச் சொல்கிறாள். கையை நீட்டாமலே அதைப் பார்த்தாள்.

"தொட்டியா இத?"

தொட்டேன் என்றேன்.

"கையக் கழுவிட்டு வாடி" என்றாள்.