டயர் கடையில் ரேடியோ கேட்டவர்

ஃபிரிஸ்கோவில், டயர் மாற்றும் கடையில் அவரைச் சந்தித்தேன். தமிழர், அறுபது வயதிருக்கும். என் மகன் அமெரிக்க ஃபுட்பால் ஆடும் கல்லூரியின் வெளுத்த தொப்பியைப் போட்டிருந்தார். சுவரிலிருந்த டிவியில் அந்தக் கல்லூரியின் ஆட்டம்தான் ஓடியது. அவரோ காதில் ரேடியோ மாட்டியிருந்தார்.

"டிவிக்காரனை நம்பவே மாட்டேம்மா. மேட்ச் காட்டுற ரைட்ஸ் வாங்கிட்டான்ல, இஷ்டத்துக்கு மேட்சை கட் பண்ணுவான். காலேஜ் ரேடியோ கடைசி வரைக்கும் சொல்லும். டிவியைவிட நாலு செகண்ட் முன்னாடியே சொல்லும்."

"அந்த நாற்பத்தேழாம் நம்பர் ஜெர்ஸி என் பையன் சார்," என்று திரையைக் காட்டினேன். எழுந்து கை குலுக்கினார்.

சற்று நேரத்தில் அவர் முகம் மாறியது. அதன் பிறகே திரையில் என் மகன் விழுந்தான். எழவில்லை. ஆட்கள் அவனிடம் ஓடும்போதே படம் மாறி, வேறு ஊர் ஆட்டம் தொடங்கிவிட்டது.

"பாவிங்க!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினார்.

"ரேடியோல என்ன சொல்றாங்க சார்?"

காதைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"எழுந்துட்டாம்மா. நடந்தே போறான்."

"நானும் கேக்கறேன், குடுங்க சார்."

"பேட்டரி போயிடுச்சும்மா," என்று ரேடியோவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கல்லூரியிலிருந்து மருத்துவமனையின் பெயரை மட்டும் மெசேஜ் அனுப்பினார்கள். அவர் சொன்னதை நம்பித்தான் மூன்று மணி நேரம் தனியாகக் கார் ஓட்டி மருத்துவமனைக்குப் போனேன். காலில் கட்டோடு படுத்திருந்த மகனிடம், "நடந்து போனியாமே?" என்றேன்.

"நோ அம்மா. ஸ்ட்ரெச்சர்."

மகன் தேறிவருகிறான். டிவியில் ஆட்டம் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பொய் சொன்ன அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று என்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க முடியாது.