அம்மா கேட்ட ராஜா கதை

அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. சாக்கோட்டையில் எதிர்வீட்டு எஸ்தர் அக்கா தினமும் வந்து பைபிள் கதைகள் வாசித்துக் காட்டுவார். மதம் மாற்றத்தான் வருகிறார் என்று எனக்குச் சந்தேகம். அவர் போனதும் அம்மா நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, "இனிமே வராதீக" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார்.

அம்மா சிரித்தாள். "சாகப்போறவள மாத்தி அவ என்னடா பண்ணப்போறா? கதையில நோவுல கெடக்குற ராசாகிட்டயே 'நீ பொழைக்க மாட்ட'ன்னு நேராச் சொல்றாக. நீங்கள்லாம் 'சரியாயிரும்'னே சொல்றீக. சாவப் பத்தி நான் யார்கிட்டடா பேசுறது?"

பிடுங்கிய புத்தகத்தைத் திறந்து, அந்த ராஜா சுவர்ப் பக்கம் திரும்பி அழும் இடத்தை வாசித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத, படி" என்றாள்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான். அவளுக்கென்று வாசித்தது அன்றுதான் முதல்முறை.